ஆமணக்கும் நொதியும் மூன்று காரணங்களும்

ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிய பிறகும், அது எதிலிருந்து வந்தது என்பது அதன் கணக்கில் சேருமா? தமிழ் மண்ணில் சைவர், சமணர், பௌத்தர், இசுலாமியர் என எல்லாத் தரப்பினரும் இந்தக் கேள்விக்குத் தத்தம் வழியில் விடை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய பானையும் தயிரும் காடியும் பதனிட்ட தோலும் வீட்டிலும் கடையிலும் கிடப்பவை. கொழுப்பு அமிலங்களை நொதிகளைக் கொண்டு மணப்பொருளாகவும் மெழுகாகவும் எரிபொருளாகவும் மாற்றும் இன்றைய தொழில் அதே கேள்வியைக் கூர்தீட்டித் திருப்பித் தருகிறது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த பீச் பழ மணம் இயற்கையா, செயற்கையா? பன்றிக் கணையத்து நொதி தொட்டுவிட்டுப் போன தாவர எண்ணெய் சைவமா, அசைவமா? வேதியியல் இவற்றுக்குத் தனியாக விடை சொல்லிவிடாது. காரணம் என்றால் என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும்.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கும் பாடாலூரும் அதற்கு மேற்கே செட்டிகுளமும் சின்ன வெங்காயத்துக்கும் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போன பக்கம். இத்தகைய காடுகளில் ஆமணக்கு வரப்போரம் ஊன்றப்படும் காவல் செடி. புரோடீனியா அந்துப்பூச்சி முட்டையிட ஆமணக்கு இலையை விரும்பி நாடும். முட்டைக் குவியல் தெரிந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் உள்ளே நிற்கும் பயிர் தப்பும். காவல் வேலை முடிந்தபின் குலையை அறுத்துக் காயவைத்தால் கொட்டைமுத்து கைக்கு வரும். விளக்குக்கும் வயிற்றுக்கும் வண்டி அச்சுக்கும் அதன் எண்ணெய்தான். உலகச் சந்தைக்கு வரும் ஆமணக்கெண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அதிலும் குஜராத்துடையது. தமிழ்நாட்டில் இந்தப் பயிருக்கென்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

வீட்டில் விளக்கெண்ணெய் எடுக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. முத்தை லேசாக வறுத்து உரலில் இடிப்பார்கள். இடித்த விழுதைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுவார்கள். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதை அகப்பையால் வழித்து வேறு சட்டியில் ஊற்றி, சடசடப்பு அடங்கும்வரை, அதாவது கடைசி ஈரமும் போகும்வரை, காய்ச்சுவார்கள். இந்தக் கொதியில் இரண்டு வேலைகள் ஒருசேர நடக்கின்றன. முத்தில் உள்ள ரிசின் என்ற கொடிய நஞ்சு ஒரு புரதம். அது எண்ணெயில் கரையாது, கொதியில் கெட்டும் போகும். இன்னொரு புரதமும் அதே கொதியில் செயலிழக்கிறது. அதுதான் லைப்பேஸ், கொழுப்பைப் பிளக்கும் நொதி. முத்தைப் பச்சையாக இடித்து ஈரத்தோடு வைத்திருந்தால் இந்த லைப்பேஸ் எண்ணெயை அரித்துப் புளிப்பேற்றிவிடும். காய்ச்சின எண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பதற்கு, கொதியில் இந்த நொதி செயலிழப்பது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் கொல்ல வேண்டியிருந்த அந்த நொதியையே ஆலைக்காரர்கள் கூலிக்கு அமர்த்தினார்கள். முளைவிடும் ஆமணக்கு விதையில் கொழுப்பைப் பிளக்கும் நொதி இருப்பதை ஆங்கிலேயத் தாவரவியலார் ரெனால்ட்ஸ் கிரீன் 1890-இல் வெளியிட்டார். 1902-இல் ஜெர்மனியில் கான்ஸ்டைன், ஹோயர், வார்ட்டன்பெர்க் மூவரும், இடித்த ஆமணக்கு விதையோடு சிறிது அமிலமும் தண்ணீரும் சேர்த்தால் அறைவெப்பத்திலேயே எண்ணெய்கள் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் பிரிவதைக் காட்டினார்கள். சோப்பு, மெழுகுவத்தித் தொழில்களுக்கு அப்போது வேண்டியிருந்தது இதுதான். கொழுப்பு அமிலத் தொழிலில் நொதி நுழைந்த வாசல் கொட்டைமுத்து என்றே சொல்லலாம். நொதி என்பது உயிருள்ள செல்லுக்குள் மட்டும் வேலை செய்யும் ஏதோ உயிராற்றல் என்ற எண்ணம் அதற்குச் சற்று முன்புதான் விழுந்திருந்தது. 1897-இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில், உயிருள்ள ஒரு செல்லும் இல்லாமலே, சர்க்கரை நொதிப்பதைக் காட்டினார். 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அத்தோடு நொதி, உயிர் செய்த கருவி ஆயிற்று. அது உயிர் அல்ல.

எண்ணெய் என்பது மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளை ஒரு கிளிசரால் தண்டில் கோத்த அமைப்பு. பெரிய ஆலைகளில் இந்தக் கோப்பை அவிழ்க்க ஏறத்தாழ 250 பாகை வெப்பத்தில், உயர் அழுத்தத்தில் நீராவியைச் செலுத்துகிறார்கள். பாமாயிலும் மாட்டுக் கொழுப்பும் அதைத் தாங்கும், ஆமணக்கு தாங்காது. அதன் அமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலெயிக் அமிலம். அதன் 18 கார்பன் சங்கிலியில் 12-ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டியிருக்கிறது. ஆமணக்கெண்ணெயின் பிசுபிசுப்பு, மருந்துக் குணம், விலை எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு தொகுதி. கடும் வெப்பத்தில் அது நீராகக் கழன்றுவிடும், அல்லது பக்கத்துச் சங்கிலியோடு பிணைந்துகொள்ளும். லைப்பேஸோ இதமான சூட்டில் கோத்த இடத்தை மட்டும் அவிழ்த்து, ஹைட்ராக்சிலைத் தொடாமல் விடுகிறது. பாடாலூர்ப் பூமலையில் கோயில் கொண்டிருக்கும் சஞ்சீவிராயராகிய அனுமன், மூலிகை எதுவென்று தேடி நிற்க நேரமில்லாமல் மலையையே பெயர்த்துப் போனவர். நீராவி முறை அந்த வகை; நொதி, இலை பார்த்துக் கிள்ளும் வகை.

லைப்பேஸின் இன்னொரு குணம் தத்துவக் கேள்விக்கு மிகவும் வேண்டியது. தண்ணீர் மிகுந்த இடத்தில் அது கொழுப்பைப் பிளக்கும். தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் அதே நொதி கொழுப்பு அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துப் பிணைக்கும். அழகுப் பூச்சுகளில் சேரும் மெழுகு போன்ற எஸ்டர்கள் பலவற்றை இன்று இவ்வழியில் செய்கிறார்கள். அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு ஈஸ்ட்டின் லைப்பேஸைச் சிறு பிசின் மணிகளில் ஏற்றி, ஏறத்தாழ 60 பாகைச் சூட்டில் இயக்குகிறார்கள். வேலை முடிந்ததும் மணிகளை வடித்து அடுத்த கலத்தில் போடுகிறார்கள். பிளப்பதா, சேர்ப்பதா என்பதை நொதி முடிவு செய்வதில்லை. வினை எந்தப் பக்கம் சாயும் என்பதை நீரின் அளவும் பொருள்களின் அளவும் தீர்மானிக்கின்றன. போய்ச் சேரும் வேகத்தை மட்டும் நொதி கூட்டுகிறது.

மணப்பொருள் இன்னும் விந்தையானது. யாரோவியா லிப்போலிட்டிக்கா என்ற ஈஸ்ட் எண்ணெயைத் தின்று வாழ்வது. அதற்கு ரிசினோலெயிக் அமிலத்தைக் கொடுத்தால், தன் நொதிகளால் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக வெட்டிக்கொண்டே வரும். நான்கு வெட்டில் எட்டுக் கார்பன் போய்ப் பத்து மிஞ்சும். 12-ஆவது இடத்தில் இருந்த ஹைட்ராக்சில் இப்போது 4-ஆவது இடத்தில் நிற்கும். அந்த நிலையில் சங்கிலி தன்னையே வளைத்து வளையமாக மூடிக்கொள்கிறது. பிறப்பது காமா டெக்காலாக்டோன், பீச் பழத்தின் மணத்தைத் தருகிற அதே மூலக்கூறு. விளக்கெண்ணெயை முகர்ந்து முகம் சுளித்தவர்கள், பீச் மணம் சேர்த்த தயிரிலும் பானத்திலும் அதன் பேரப்பிள்ளையை ருசித்திருக்கக்கூடும். அறுத்த புல்லின் பச்சை மணமும் இதே குடும்பந்தான்: இலை நசுங்கும்போது அதன் லினோலெனிக் அமிலத்தை இரண்டு நொதிகள் அடுத்தடுத்து வெட்டுவதில் பிறப்பது. 2017-இல் பிரான்ஸில் ஒரு பச்சைப் பாசியில் கண்டெடுத்த நொதி ஒன்று, நீல ஒளி படும்போது மட்டும் கொழுப்பு அமிலத்தின் தலையைக் கழற்றி, பெட்ரோலிய வகை ஹைட்ரோகார்பனாக்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் இயங்கி, இருட்டில் சும்மா இருக்கும் நொதிகள் இயற்கையில் மிகச் சிலவே.

இனி காரணத்துக்கு வரலாம். சைவ சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்கள் சொல்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரியும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று நிறுவுவதில்தான் தொடங்குகிறது. அதன் வழிவந்தவர்கள் அந்த வாதத்தைக் குடத்தின் மூன்று காரணங்களை வைத்து விரித்தார்கள். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சிவனின் சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். முதற்காரணம் காரியத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். மற்ற இரண்டும் வெளியே நிற்கும். குடத்தை உடைத்தால் மண் கிடைக்கும், திகிரி கிடைக்காது.

பீச் மணத்தை இந்தக் கணக்கில் வைத்தால் கொழுப்பு அமிலம் முதற்காரணம், நொதி துணைக்காரணம், அந்த வினையை வேண்டி ஏற்பாடு செய்தவர் நிமித்த காரணம். பொருத்தம் மேலோட்டமானது அல்ல. வினை முடிந்ததும் நொதி மாறாமல் வெளியே வருகிறது என்பதுதான் வினையூக்கிக்கு வேதியியல் தரும் வரையறை. திகிரிக்கும் அதுதான் இலக்கணம். ஆனால் நெருங்கிப் பார்த்தால் ஓர் இடறல் தெரிகிறது. லைப்பேஸின் குழிக்குள் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கொழுப்பு அமிலச் சங்கிலி கிளிசராலிலிருந்து கழன்று நேரே தண்ணீரிடம் போவதில்லை. முதலில் செரினோடு வேதிப்பிணைப்பில் சேர்கிறது, பிறகு தண்ணீர் வந்து விடுவிக்கிறது. அந்தக் கணத்தில் மண் எது, திகிரி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. திகிரி மண்ணைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, பிறகு கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருகிறது. துணைக்காரணம் காரியத்தில் கலவாது என்ற விதி முடிவில் பொய்க்கவில்லை. நடுவழியில் மட்டும் அது செல்லாது. சித்தாந்திகள் இந்த இடைக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. களிமண்ணும் கழியும் அவர்களுக்கு அந்தச் சங்கடத்தைத் தந்திருக்காது.

வினையூக்கியைக் கண்டதும், தான் மாறாமல் பிறவற்றை மாற்றும் இறைவனோடு அதை ஒப்பிட்டுப் பேசுவதில் ஒரு கவர்ச்சி உண்டு. சூரியன் எதிரில் தாமரை மலர்வதுபோல் சிவசந்நிதியில் ஐந்தொழில் நடக்கிறது என்ற சித்தாந்த உவமை அதற்கு இடம் கொடுப்பதுபோலத் தோன்றும். ஒப்புமை வெகுதூரம் செல்லாது. நொதிக்கு அறிவில்லை, சித்தாந்தத்தில் நிமித்த காரணத்துக்கு அறிவே இலக்கணம். நொதி சூட்டில் கெடும், நாளாவட்டத்தில் ஓயும். நீரின் அளவைப் பொறுத்துப் பிளக்கவும் சேர்க்கவும் செய்யும் ஒன்றைக் கர்த்தா என்று யாரும் ஒப்பமாட்டார்கள். ஐந்தொழிலில் ஒன்றைக்கூட அது தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அதைத் துணைக்காரணத்தின் இடத்திலேயே விட்டுவைப்பது அதற்கும் மரியாதை, இறைவனுக்கும் மரியாதை.

அடுத்த கேள்வி, காரியம் காரணத்துக்குள் முன்பே இருந்ததா என்பது. இருந்தது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் அந்தப் பக்கம். அவர்கள் வாதத்துக்கு எண்ணெய் வெகுகாலப் பழக்கம். எள்ளை ஆட்டினால் எண்ணெய் வரும், மணலை ஆட்டினால் வராது. எனவே எண்ணெய் எள்ளுக்குள் முன்பே இருந்தது. செக்கு அதைப் படைக்கவில்லை, வெளிப்படுத்தியது. நொதி செய்யும் வேலைக்கு இந்த வாதம் போதுமா? எள்ளில் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. ஆமணக்கெண்ணெயில் பீச் மணம் மணமாக இல்லை. எத்தனை நேர்த்தியான கருவியால் முகர்ந்தாலும் அதில் டெக்காலாக்டோன் கிடைக்காது. ஆனால் சற்காரியவாதி சொல்வது காரியம் சத்தியாக, ஆற்றல் வடிவில், உள்ளது என்பதுதான். அப்படிப் பார்த்தால் 12-ஆவது கார்பனில் உள்ள அந்த ஹைட்ராக்சில்தான் மணத்தின் சூக்கும நிலை. எல்லாவற்றிலிருந்தும் எல்லாம் வராது என்ற சாங்கிய நியமத்துக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. நிலக்கடலை எண்ணெயின் ஒலெயிக் அமிலத்தை அதே ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால், அது தின்று கொழுக்குமே தவிர பீச் மணம் தராது.

எதிர்ப்பக்கத்தில் நையாயிகரும் வைசேடிகரும் நிற்கிறார்கள். காரியம் புதிது, முன்பு இல்லாதது என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்கும் சான்று உண்டு. ஒலெயிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பில் தண்ணீரைச் சேர்க்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது 10-ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சிலைப் புதிதாக ஒட்டிவிடும். பிறகு ஈஸ்ட்டிடம் கொடுத்தால் மூன்று வெட்டில் காமா டோடெக்காலாக்டோன் என்ற வேறொரு பழமணம் வரும். முன்பு இல்லாத தொகுதி, முன்பு இல்லாத மணம். தண்ணீரும் ஒரு முதற்காரணந்தானே என்று சாங்கியர் திருப்பிச் சொல்வார். வழக்கு அங்கேயே நிற்கும். ஆனால் எந்த அணு எங்கிருந்து வந்தது என்பதில் இரு தரப்புக்கும் இனி சண்டை இருக்காது. பழைய தருக்க நூல்களில் இதற்கு நெருங்கிய விவாதம் ஒன்று உண்டு. பச்சைக் குடம் சூளையில் சிவக்கும்போது என்ன நடக்கிறது? குடம் அணு அணுவாகச் சிதைந்து, அணுக்கள் நிறம் மாறி, மீண்டும் குடமாகக் கூடுகின்றன என்றனர் வைசேடிகர். குடம் குடமாக இருந்தபடியே நிறம் மாறுகிறது என்றனர் நையாயிகர். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரக மரபில் பயின்றவர்களுக்கு இது தெரிந்த வழக்கு. வைசேடிகர் சொன்ன சிதைவும் கூடலும் வெறும் கற்பனை என்று பலர் சிரித்திருக்கிறார்கள். பிணைப்பு அறுந்து பிணைப்பு கூடுவதுதான் வேதிமாற்றம் என்று அறிந்த காலத்தில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

சமணர் இரண்டுக்கும் நடுவே நின்று, திரவியம் நிலைக்கும், அதன் பரியாயங்கள் மாறும் என்றார்கள். 18 கார்பனில் 10 அப்படியே கைமாறி வருவதைப் பார்த்தால் அவர்கள் சொன்னதும் தவறில்லை. பௌத்தருக்கோ காரணம் அழிந்துதான் காரியம் எழுகிறது. தொடர்ச்சி என்று நாம் காண்பது வரிசை மட்டுமே.

இந்தத் தத்துவச் சண்டையில் யார் வென்றாலும் சந்தையில் விலை மாறாது. விலையை மாற்றுவது 'இயற்கை' என்ற சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி, தாவரம், விலங்கு, நுண்ணுயிர் ஆகிய மூலத்திலிருந்து இயற்பியல் முறையாலோ நொதியாலோ நுண்ணுயிராலோ பெற்ற மணப்பொருள் இயற்கையானது. அது இயற்கையில் காணப்படும் பொருளாகவும் இருக்க வேண்டும். அதே மூலக்கூறை அமிலமும் காரமும் கொண்டு செய்தால் அந்தப் பெயர் கிடையாது. இந்தியாவில் 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் இயற்கை மணப்பொருளை இயற்பியல் முறையால் மட்டுமே பெறப்பட்டதாக வரையறுத்தன. மூன்று காரணங்களின் மொழியில் சொன்னால், இவ்விதிகள் முதற்காரணத்தோடு துணைக்காரணத்தையும் கேட்கின்றன. ஐரோப்பிய விதியில் ஈஸ்ட் வெட்டினால் இயற்கை, எரிகாரம் வெட்டினால் செயற்கை. எரிகாரமும் பூமியில் உள்ள உப்பிலிருந்து வருவதுதான், ஈஸ்ட்டும் எஃகுத் தொட்டியில் வளர்வதுதான் என்பதை நினைத்தால் இந்தக் கோடு சற்றுக் கோணலாகவே தெரிகிறது. உயிர் செய்த கருவிக்கு ஒரு புனிதம் உண்டு என்ற நம்பிக்கை பூக்னரோடு முடிந்துவிடவில்லை. அது சட்டப் புத்தகத்தில் குடியேறியிருக்கிறது.

ஆனாலும் பிறப்பின் சுவடு பொருளில் ஒட்டாது என்று சொல்லிவிட முடியாது. காமா டெக்காலாக்டோன் கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டு வடிவில் வரும். பீச் பழத்தில் பெரும்பாலும் ஒரு வடிவமே உண்டு. ஆமணக்கின் ஹைட்ராக்சிலும் ஒரே கையமைப்பு உடையது. அதனால் ஈஸ்ட் தருவதும் அந்த ஒரு வடிவமே. சாதாரண வேதிமுறையில் செய்தால் இரண்டும் சரிபாதியாக வரும். பெட்ரோலியத்திலிருந்து செய்ததில் கதிரியக்கக் கார்பன் இருக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது சிதைந்து தீர்ந்துவிட்டது. நேற்று விளைந்த ஆமணக்கில் அது இருக்கும். ஆய்வுக்கூடங்கள் போலி இயற்கையைப் பிடிப்பது இப்படித்தான். காரணத்தின் குணம் காரியத்தில் தொடரும் என்ற பழைய விதிக்கு இங்கே அளவுகோல் கிடைத்திருக்கிறது.

சமயத் தூய்மை கேட்பது வேறு. அது முதற்காரணத்தை விடாமல் பிடிக்கும். ஸ்டீயரிக் அமிலத்தை மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம். தூய்மை செய்தபின் இரண்டும் ஒரே மூலக்கூறு, ஒரே உருகுநிலை. 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்தது என்ற செய்தி நாடெங்கும் கொந்தளிப்பை எழுப்பியபோது, வேதியியல் ஒன்றுதானே என்று சொல்லி யாரையும் சமாதானப்படுத்தியிருக்க முடியாது. 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், உணவுப் பொட்டலங்களில் சேர்மானங்களை எண்குறியால் மட்டும் குறிப்பது போதாது, ஒவ்வொன்றும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்யப்பட்டதா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. விலங்குச் சேர்மானம் எவ்வளவு சிறிதானாலும் அந்த உணவு அசைவமே என்றது. பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குகிறவர் தேடுவது மூலக்கூறின் அமைப்பை அன்று. ஓர் உயிரின் சாவில் தனக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பதே அவர் கேள்வி. பங்கு என்பது மூலக்கூறில் எழுதியிருப்பது இல்லை. சோதனைக் குழாயில் அது தெரியவும் தெரியாது.

இசுலாமியச் சட்ட மரபு இதே கேள்வியை இஸ்திஹாலா என்ற தலைப்பில், அதாவது முழுமாற்றம் என்ற தலைப்பில், மிகக் கூர்மையாக ஆராய்ந்திருக்கிறது. ஹனஃபி அறிஞர்கள் தாராளம் காட்டினார்கள். உப்பளத்தில் விழுந்து உப்பாகிப்போன கழுதை உப்புதான். அசுத்த எண்ணெயில் செய்த சோப்பு சுத்தம். பெயரும் குணமும் மாறிவிட்டால் பழைய விலக்கு போய்விடும் என்பது அவர்கள் நியாயம். ஷாஃபி மரபு அவ்வளவு எளிதில் விடாது. மது தானாகக் காடியானால் சுத்தம். எதையாவது போட்டுக் காடியாக்கினால் இல்லை. போட்ட பொருள் மதுவால் அசுத்தமாகி, பிறந்த காடியையும் அசுத்தமாக்கும் என்பது அதற்குக் காட்டும் காரணம். துணைக்காரணம் காரியத்தில் கறை விடுமா என்ற கேள்வியை இவ்வளவு நேராகச் சந்தித்த இன்னொரு மரபு காண்பது கடினம். தமிழக முஸ்லிம்களில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி. ஆகவே விலங்குக் கொழுப்பில் பிறந்த கிளிசரால் பற்றி பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிகாட்டில் கிடைக்கும் விடையும் காயல்பட்டினத்தில் கிடைக்கும் விடையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

நொதியே விலங்கிலிருந்து வந்தால்? பன்றிக் கணையத்து லைப்பேஸ் ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கியது. ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி ஆகியவற்றின் லைப்பேஸ் சில பாலாடைக் கட்டிகளுக்குக் காரம் ஏற்றியது. இன்று தொழிலில் ஓடுவதில் பெரும்பங்கு பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா ஆகியவற்றின் நொதி. அதனால் சிக்கல் நடைமுறையில் சுருங்கிவிட்டது, கொள்கையில் சுருங்கவில்லை. திகிரி குடத்தில் இல்லை என்று வாதிட்டு ஒரு சைவர் அமைதி அடையலாம். சமணர் அடையமாட்டார். அவர் கணக்கில் பயனில் என்ன கலந்தது என்பதைவிட, பயனுக்காக என்ன செய்யப்பட்டது என்பதே வினையைத் தீர்மானிக்கும். தொட்டியில் கோடிக்கணக்கில் வளர்த்துக் கொல்லப்படும் நுண்ணுயிர்களும் அதில் சேரும். அகிம்சையை இவ்வளவு தூரம் இழுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று தள்ளுவது எளிது. ஆனால் மூன்று காரணங்களையும் ஒருசேரக் கணக்கில் கொண்டவர்கள் அவர்கள் மட்டுமே.

கோயில் விளக்கில் இந்த வழக்கு வேறு வடிவில் வருகிறது. நெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என்று மரபு பெயர் சொல்லித் தருகிறது. எரிந்தபின் எல்லாமே கரியமில வாயுவும் நீராவியும் தான். காரியத்தை வைத்துப் பார்த்தால் எந்த எண்ணெயும் ஒன்றே. உண்ணத் தகாதது என்று அச்சிட்டு விற்கும் கலப்பு 'தீப எண்ணெய்' கடைகளில் குவிந்திருப்பதற்கு இந்த நினைப்பே துணை. நைவேத்தியத்துக்கு ஆகாததை விளக்குக்கு மட்டும் ஏற்கலாமா என்று கேட்டால், விடை எண்ணெயில் இல்லை, ஏற்றுகிறவரிடம் இருக்கிறது. அங்கே தூய்மை நிமித்த காரணத்தைச் சேர்ந்தது: எதை விட்டுக்கொடுத்து எதைக் கொண்டுவந்தார் என்பது. வரப்போரத்துக் கொட்டைமுத்தை இடித்துக் காய்ச்சிக் கொண்டுவந்த ஆழாக்கு எண்ணெய்க்கும், மலிவு பார்த்து வாங்கின புட்டிக்கும் உள்ள வேற்றுமையை எந்த நிறமாலைக் கருவியும் காட்டாது. அதனால் வேற்றுமை பொய் ஆகிவிடாது.

முதற்காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவதிலும் ஓர் எல்லை வேண்டியிருக்கிறது. சர்க்கரையைத் தின்று கொழுப்பைச் சேர்த்துவைக்கும் ஈஸ்ட்டுகள் உண்டு. மக்காச்சோள மாவை ஒரு நொதி சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதைக் கொழுப்பாக்கும், லைப்பேஸ் அதைப் பிளக்கும், இன்னொரு நொதி வேறொன்றாக்கும். அப்படி ஒரு தொழிலுக்குப் பெரம்பலூர்ச் சோளம் போனால் அங்கே எண்ணெய் வித்து என்று ஒன்றுமே இல்லை. முடிவில் வரும் பொருளுக்கு முதற்காரணம் சோளமா, சர்க்கரையா, காற்றில் இருந்த கரியமில வாயுவா? மூலத்துக்கு மூலம் என்று முடிவில்லாமல் போவதைத் தருக்க நூலார் அனவத்தை என்ற குற்றமாகச் சொன்னார்கள். சாங்கியர் மூலப்பிரகிருதியில் நிறுத்தினார்கள், சித்தாந்திகள் மாயையில் நிறுத்தினார்கள். உணவுச் சட்டம் தாவரம், விலங்கு என்ற இரண்டு பெயரில் நிறுத்தியிருந்தது. டெல்லி நீதிமன்றம் 'ஆய்வகம்' என்ற மூன்றாவது பெயரைச் சேர்த்தபோது, அது ஒரு முதற்காரணத்தின் பெயர் அன்று, நிமித்த காரணத்தின் இருப்பிடம் என்பதை வழக்காடியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.